மூடியில் நீர்த்துளி

அக்டோபர் 29, ஞாயிறு

நேற்று படுக்கப் போகும்போது குக்கரின் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் அரிசி தண்ணீரில் அப்படியே கிடக்கிறது. அத்தை உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜில் மீந்திருந்த சோற்றை என் கணவர் யசுனோரியின் கிண்ணத்தில் போட்டேன். விரலை நனைத்து மூடியின் உட்புறம் நான்கு சொட்டுத் தெளித்து, மூடி, அவர் இடத்தில் வைத்தேன். எங்கள் இருவருக்கும் ரொட்டி.

"இன்னிக்கு ரொட்டியா?" என்றபடி அத்தை வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல மூடியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "துளி இருக்கு. எங்கேயோ நல்லாத்தான் இருக்கான்."

வெளியூர் போனவருக்கு வீட்டில் தட்டு வைப்பது அத்தை பிறந்த ஊர் வழக்கம். மூடியில் ஆவி துளித்திருந்தால் போனவர் நலம். காய்ந்திருந்தால் - காய்ந்திருந்தால் என்ன என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. யோகோஹாமாவில் வளர்ந்த எனக்கு முதல் மாதம் இது அழகாகக்கூடத் தோன்றியது. அவர் காணாமல்போய் ஏழு வருடம் ஆகப்போகிறது. சூடான சோற்றை மூடிவைத்தால் துளி வராமல் என்ன செய்யும்?

நான் விரல் நனைப்பது இது முதல் தடவை அல்ல. யாரை ஏமாற்றுகிறேன்? அத்தையையா, என்னையா?

நவம்பர் 2, வியாழன்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் உடல் பரிசோதனைப் படிவம். மணமானவர், மணமாகாதவர், துணையை இழந்தவர். மூன்று கட்டங்களையும் காலியாகவே விட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வக்கீல் சொன்னது இவ்வளவுதான். காணாமல்போய் ஏழு வருடம் ஆகிவிட்டால் மனைவி குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம். தீர்ப்பு வந்தால் யசுனோரி சட்டப்படி இறந்தவர். தாயின் சம்மதம் தேவையில்லை.

சட்டத்துக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அவன் கடைசியாத் தங்கின விடுதிக்கு என்னைக் கூட்டிட்டுப் போ, சயோகோ. எண்பது வயசாச்சு. ஒரு தடவைகூட நான் அந்த இடத்தைப் பார்க்கல."

அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும். மனுப் படிவம் கைப்பையில் இருக்கிறது.

நவம்பர் 11, சனி

மலையில் முதல் பனி. ரயில் நிலையத்துக்கு விடுதி வண்டி வந்திருந்தது. ஏழு வருடம் முன்பு போலீசாரோடு வந்தபோது இந்த வாசலில் செருப்பு மாற்றக்கூட எனக்குத் தெம்பில்லை. அலுவலக வேலையாக வந்த யசுனோரி ஒரு இரவு தங்கினார், காலையில் கணக்கை முடித்தார், பாலத்தின் பக்கம் நடந்தார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அத்தை போன் செய்து அதே அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

எங்கள் அறைக்குப் பணிப்பெண் தோகி. அறுபது வயதிருக்கும், குள்ளம், வாய் ஓயாது. அத்தைக்குக் குளியல் அங்கியான யுகாதாவைப் போட்டுவிட்டு, இடது மடிப்பு மேலே வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். "மாத்திக் கட்டினா செத்தவங்க உடுப்பாயிடும். அப்புறம் பெரியம்மா வெந்நீர்க் குளத்துல இறங்கினா மத்தவங்க எல்லாரும் எழுந்து ஓடிடுவாங்க!" அத்தை சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வந்தது. அதையும் அத்தை முன்பே சொல்லிவைத்திருந்தார். தோகி ஒன்றும் கேட்காமல் மூன்றாவதை ஜன்னலைப் பார்த்த இடத்தில் வைத்தார். "எங்க வீட்லயும் அப்பா கடலுக்குப் போனா தட்டு வைப்போம்மா. அதைத் தின்னு தின்னு பூனைதான் ரொம்ப நலமா இருந்துச்சு."

"உங்க அப்பா?" என்று அத்தை கேட்டார்.

"எல்லாத் தடவையும் வந்தாரு. சண்டை போடறதுக்குன்னே வருவாரு."

அத்தை மூடியைத் திறந்தார். துளி இருந்தது.

நான் சொல்லவில்லை. நாளைக்கு.

நவம்பர் 12, ஞாயிறு

காலையில் வெந்நீர்க் குளத்தில் அத்தையின் முதுகைத் தேய்த்துவிட்டேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்படுகிறது. இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் முள்ளங்கி ஊறுகாயைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபின் சொல்லலாம் என்றால், போனபின்பும் வாய் வரவில்லை.

மத்தியானம் தோகி தேநீர் கொண்டுவந்தார். அத்தை நேராகக் கேட்டார். "அன்னிக்கு என் பையனுக்குப் பரிமாறினது யாரு?"

"நான்தாம்மா." தோகி தட்டைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டு உட்கார்ந்தார். "போலீஸ் வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாரு, என்ன கோட்டு, எந்தப் பக்கம் போனாருன்னு கேட்டாங்க. எல்லாம் சொன்னேன்."

"அவங்க கேட்காதது ஏதாச்சும் இருக்கா?"

தோகி யோசித்தார். "நல்லாச் சாப்பிட்டாரு. மூணு கிண்ணம் சோறு. அப்புறம்... இதெல்லாம் ஒரு விஷயமான்னு தெரியல. படுக்கையை அவரே மடிச்சு வெச்சிட்டுப் போனாரு. இங்க அதை நாங்கதானே எடுப்போம்? விருந்தாளிங்க யாரும் மடிக்க மாட்டாங்க. அவரு போர்வை, மெத்தை எல்லாத்தையும் ஓரம் சேர்த்து மடிச்சு, மேல தலையணையை வெச்சு, யுகாதாவையும் நாலா மடிச்சு வெச்சிருந்தாரு. எனக்கு ஒரு வேலைகூட மிச்சம் வைக்கல. எவ்வளவு நல்லா வளர்த்திருக்காங்கன்னு அன்னிக்கு நினைச்சுக்கிட்டேன்."

அத்தை கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வளர்க்கல. பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து ஒரு நாளும் அவன் மடிச்சதில்ல. அடிச்சாலும் மடிக்க மாட்டான்."

பதினான்கு வருடம் நான்தான் மடித்தேன். சுருட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மடித்தேன்.

தோகி கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். சற்றுப் பொறுத்து அத்தை எழுந்து, "கொஞ்சம் நடந்துட்டு வரேன், நீ வர வேண்டாம்" என்று படியிறங்கினார். நான் அறையில் உட்கார்ந்து தத்தாமிப் பாய் விரித்த அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மூலையில் மடித்து வைத்திருப்பார்? இடிந்துபோய்க் கிளம்பினார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்படி நிதானமாகவா? தலையணையை மேலே வைத்து - எவளோ ஒரு பணிப்பெண்ணுக்குப் பாவம் பார்த்தீங்களே, எனக்கு ஒரு வரி எழுதி வைக்கணும்னு தோணலியா?

இரவுச் சாப்பாட்டில் அத்தை மூன்றாவது தட்டின் மூடியைத் திறக்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவை.

நவம்பர் 13, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன்.

காலையில் மூன்று தட்டு வந்தது. எங்கள் சோறு மரத்தொட்டியில் ஆவி பறக்க வந்தது. யசுனோரியின் கிண்ணம் மட்டும் மூடியோடு தனியாக வந்தது. தோகி என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடிக்கொண்டு போனார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து மூடியைத் தூக்கினார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"பாரு."

கறுப்பு அரக்கு பூசிய மூடி. ஒரு துளி இல்லை. அதில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

கிண்ணத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "அத்தை, இது ஆறின சோறு. அதான் -"

"துளி இல்லன்னு சொல்றேன்."

மூடியைப் பாயில் வைத்தார். "உன் பையில இருக்கிற தாளை எடு. மூணு நாளா அதைத் தூக்கிக்கிட்டுக் குளிக்கக்கூடப் போறே" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"நீ விரலால தெளிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? தெளிச்ச துளி பெரிசு பெரிசா நிக்கும். ஆவித் துளி பொடியா, நெருக்கமா இருக்கும். எத்தனை வருஷமாச் சோறாக்கறேன்!"

"ஏன் அத்தை கேட்கல?"

"எதுக்குக் கேட்கணும்? நீ தெளிச்ச அன்னிக்கெல்லாம் எனக்கு நிம்மதியா இருந்தது. இவ இன்னும் என்னை விட்டுப் போகலேன்னு."

வாசலில் நான் காலணி மாட்டும்போது தோகி பக்கத்தில் குனிந்து சொன்னார். முந்தின நாள் அத்தை நடக்கப் போகவில்லை, சமையலறைக்குத்தான் போயிருக்கிறார். "'காலைல ஆறின சோறு வை, மூடி உலர்ந்திருக்கணும்'னாங்க. சமையல்காரருக்குக் கோவம் வந்திடுச்சு. முப்பது வருஷத்துல யாருக்கும் ஆறின சோறு அனுப்பினதில்லேன்னு குதிச்சாரு. பெரியம்மா காரணத்தைச் சொன்னாங்க. அப்புறம் காலைல அந்த மூடியை அவரேதாம்மா துணியால துடைச்சாரு."

வண்டி திரும்பும்வரை தோகி பனியில் நின்று குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தார். அத்தை ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

தட்டு வைக்கவில்லை. மேசையில் அந்த இடம் மிகவும் பெரிதாக இருக்கிறது.

டிசம்பர் 6, புதன்

மனு கொடுத்தாயிற்று. அறிவிப்பு வெளியிட்டு, யாராவது அவரைப் பார்த்தார்களா என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம். நாங்கள் காத்திருக்காததா?

அவருடைய கிண்ணத்தை அத்தை மேல் அலமாரியில் வைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவரின் இடமும் இல்லை, இறந்தவரின் இடமும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

தீர்ப்பு போன வாரமே வந்துவிட்டது. எழுத மனம் வரவில்லை. நேற்று நூலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன். பேனா அழுத்தமாகத்தான் பதிந்தது.

இன்று காலை சோறு வெந்ததும் அத்தை முதலில் கேட்டது, "உன் ஊரு யோகோஹாமாவுல இப்ப வெயில் கொளுத்துமே?"

"கொளுத்தும். அதான் நான் போகல" என்றேன்.

அத்தை என்னை ஸ்டூல் போட்டு மேல் அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் தரச் சொன்னார். கழுவி, முதல் கரண்டிச் சோற்றை அதில் குவித்து, மறைந்த மாமனாரின் படம் இருக்கும் மாடத்தில் கொண்டுபோய் வைத்தார். நான் பழக்கத்தில் மூடியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அது வேண்டாம்" என்றார்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சோற்றிலிருந்து ஆவி எழுந்து, எங்கும் தங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.