பதினெட்டு நாள் என்று எழுதியதைத் திருத்தும் ஓலை

மூன்று புறமும் கடல் காவல் நிற்கும் அலைவாய் நாட்டைக் கோல் வழுவாது ஆளும் மாமன்னர் திருவடி வாழ்க. அவர் கொடி நிழலில் உப்பளமும் நெல்வயலும் தழைக்க. அந்நாட்டின் வட எல்லையில் கருங்கணவாய்க் கோட்டையைக் காத்து நிற்கும் தளபதி நெடுவேள் வயவர் அவர்களுக்கு, ஊதைநாட்டுத் தலைநகராகிய ஓரெலில் நம் தூதருக்கு எழுத்தனாய் இருக்கும் நன்னாகன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டைச் சுவரும், அதனுள் வாழும் குடிகளும், இலாயத்துக் குதிரைகளும் நலமே இருக்கட்டும். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தூதர் கொற்றனாருடன் சென்ற ஆனித் திங்களில் தங்கள் கோட்டை வாயிலைக் கடந்து இந்நாட்டிற்கு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒவ்வொரு நாளும் கண்டதைக் குறித்து வைத்தேன். அக்குறிப்புகளிலிருந்து ஏழு ஏடு கொண்ட ஊதைநாட்டு அறிமுகம் ஒன்றை எழுதி, நான் பயின்ற மாலைப் பாடசாலைக்கு அனுப்பினேன். துறைமுகச் சாவடியின் பின்கட்டில் விளக்கு வைக்கும் வேளையில் கூடும் அப்பாடசாலையில், பகலெல்லாம் உப்பு வாரியும் வலை பின்னியும் களைத்தவர்கள் ஊதைமொழி கற்கிறார்கள். அவர்களில் இருபத்திரண்டு பேர் ஓரெலில் கூடும் குளிர்காலப் பேரவைக்கு மொழிபெயர்ப்பாளராக வரத் தெரிவு செய்யப்பட்டதும், வருகிற கார்த்திகை முழுமதியன்று தங்கள் வாயிலைக் கடக்க இருப்பதும் தாங்கள் அறிந்ததே.

என் ஏடுகளில் இவ்வாறு எழுதியிருந்தேன். ஊதைநாடு நம் நாட்டினும் நாற்பது மடங்கு பெரிது. அதன் மூன்று பேராறுகளும் வடக்கே ஓடி, உறைந்த கடலில் சேர்கின்றன. வாற்கோதுமை அப்பமும் உலர்ந்த மீனும் மக்களின் உணவு. விருந்தினர் வந்தால் முதலில் அவர் காலை அடுப்பருகே வைக்கச் சொல்வர். கால் சூடேறுமுன் பெயர் கேட்பது இழிவு. பயணிகள் வெளிச்சம் உள்ளவரையே நடக்கவேண்டும்; அந்தி சாய்ந்ததும் வழிக்காவலர் சாலையின் குறுக்கே மரம் போட்டுவிடுவர். ஆங்காங்கே தங்குகுடில்கள் உண்டு. அவற்றில் கூரை கிடைக்கும், சோறு கிடைக்காது. இவை யாவும் மெய்.

ஏழாம் ஏட்டில், கருங்கணவாயிலிருந்து ஓரெல் வரை பதினெட்டு நாள் என்று எழுதினேன். விழிப்பாக இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, இருபத்து மூன்று நாளுக்குத் தானியம் கொண்டு வருக என்றும் சேர்த்தேன். அந்த ஐந்து நாளை நினைத்து அன்று பெருமைப்பட்டேன். இன்று அதை நினைத்தால் உடல் கூசுகிறது.

நேற்று, அரச அஞ்சலை நாய்வண்டியில் கொண்டு செல்லும் ஓர்ஷா என்னும் பெண்மணி தூதரகத்துக்கு வந்திருந்தார். என் அறிமுகத்தின் நகலை அவர் மொழியில் படித்துக் காட்டினேன். பதினெட்டு நாள் என்றதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்த மாதத்து நாள், எழுத்தரே? உங்கள் ஊரில் சூரியனைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு பேர் அதை நம்பிப் புறப்பட இருப்பதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

தளபதி அவர்களே, நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய முப்பது நாழிகை. ஆனியில் இங்கே அது நாற்பத்தைந்து நாழிகை நீண்டது. நான் அவ்வெளிச்சத்தில் நடந்தேன். அந்த நாட்களை எண்ணினேன். மார்கழியில் இங்கே பகல் பதினான்கு நாழிகைகூட நில்லாது என்பதையும், அதே சாலைக்கு அப்போது ஐம்பது நாளுக்கு மேல் ஆகும் என்பதையும் நான் கேட்டறியவில்லை. வடக்கே வரவரத்தான் பகல் சுருங்கும். ஆகவே முதல் பத்து நாள் அவர்களுக்கு ஐயமே எழாது. ஐயம் எழும்போது மூட்டையில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். திரும்பவும் இயலாது, வந்து சேரவும் இயலாது.

அவர்களுள் ஒருத்தியாய் நின்று அவர்களை நடத்தி வருபவள் எயினி. பாடசாலையில் என் பக்கத்துப் பலகையில் இருந்தவள். என்னை எண்ணிக்கைப் பிசாசு என்று கேலி செய்பவள். நான் புறப்பட்ட அன்று, "நீ எழுதி அனுப்பு நாகா, நான் கண்ண மூடிக்கிட்டு நடந்து வரேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

முழுமதிக்கு இன்னும் பத்து நாள். இரவிலும் ஓட உரிமை பெற்ற ஓர்ஷாவின் வண்டி தங்கள் கோட்டையை அடையப் பதினைந்து நாள். அவர்கள் புறப்படுமுன் இவ்வோலை எட்டாது. பனிப்புயல் மறைக்காவிட்டால் வழியில் அவர்களைக் கண்டு திருப்புவதாக ஓர்ஷா வாக்களித்திருக்கிறார். வண்டி ஒருவரையே தாங்கும். ஆகையால் நான் உடன் வரவில்லை. எயினி அயலார் சொல்லை நம்பாமல் என் எழுத்தையே நம்பக்கூடும் என அஞ்சி, பதினெட்டு என்ற எண்ணை அடித்துத் திருத்திய ஏடு ஒன்றை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆயினும் அவர்கள் திரும்பி வந்து நிற்கப்போவது அடைத்த கதவின் முன். முன்னொரு குளிர்காலத்தில் கொள்ளையர் பயணிகள் வேடத்தில் நுழைந்ததுமுதல், முழுமதிக்கு மறுநாள் கல் அடுக்கி மூடும் அவ்வாயில் அரச முத்திரை கண்டாலன்றி இளவேனில்வரை திறவாது என்பது ஆணை. முத்திரை தூதரிடம் உள்ளது. தூதரோ பதினொரு நாளாகக் காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கிறார். அவருடைய சமையற்காரர் சாத்தன் என்னைத் தனியே அழைத்து, "அதுல கை வச்சா தலை தங்காது தம்பி. பேசாம அவர் கண் முழிக்கட்டும்" என்றார். நான் இரண்டு நாள் காத்தால் இரண்டு நாள் தானியம் குறையும் என்றேன். அவர் முத்திரை அரக்கைச் சூடாக்கித் தந்தார். அரக்கைச் சூடாக்கியது மட்டுமே அவர் செயல். முத்திரையை எடுத்தவன் நான்.

இதை மறைத்திருக்கலாம். பொய்யாகிப்போன ஓர் ஏட்டை ஏற்கெனவே எழுதியவன், இன்னொன்றை எழுத விரும்பவில்லை. முத்திரையைத் திருடியவனுக்கு உரிய தண்டனையே அம்முத்திரை பதித்த ஓலையை மதியாதவனுக்கும் உரியது என்று நம் சட்டம் சொல்வதால், தங்களுக்கு இதில் தெரிவு இல்லை, பழியும் இல்லை. என்னைத் தண்டிக்கும் ஓலை இதே சாலையில் வரட்டும். அது வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று நான் இனி எழுதமாட்டேன்.

மாமன்னர் முத்திரையின் பேரால் ஆணை. இவ்வோலை கண்ட அளவில் கல்லை அகற்றுக. வாயிலில் தீ மூட்டுக. வருவோரின் கால் சூடேறும் வரை பெயர் கேளாதிருக்க. இருபத்திரண்டு பேர் என்று எண்ணிய பின்னரே கதவை மீண்டும் அடைக்க.

கார்த்திகை வளர்பிறை ஐந்தாம் நாள். முத்திரை இட்டது: எழுத்தன் நன்னாகன்.