தெரியாத நம்பர்கள்

வெஸ்ட்கேட்
3.8.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மவுண்ட் ரோஸ்கில்லில் அக்கா வீட்டிலிருந்து என் வீட்டுக்கு அரை மணி நேரக் கார் ஓட்டம். இதற்குத் தபாலா? ஐந்து நாள் எடுத்திருக்கிறது.

உங்கள் போனை நான் வேவு பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கவில்லை, பூட்டினேன். ஏப்ரலில் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றவனுக்குக் கடவுச்சொல்லைச் சொன்னது நீங்கள். அதனால்தான் மே மாதம் வந்து, தெரியாத நம்பர் எதுவும் அடிக்காதபடி செய்தேன். பேஸ்புக் பக்கத்தையும் நான்தான் அழித்தேன். அது தானாகப் போனது என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறீர்கள். சொல்லாமல் அழித்தது பிழை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பக்கத்தில் உங்கள் முழுப் பெயர், பிறந்த திகதி, போன் நம்பர், வீட்டு விலாசம், எல்லாம் உலகத்துக்கே தெரியக் கிடந்தது. கம்பனிகளின் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

புதிதாக ஒரு பக்கம் திறந்து தருகிறேன். நம்பர் போடக்கூடாது.

கீதன்

மவுண்ட் ரோஸ்கில்
9.8.2025

அன்பு மகன் கீதனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை. இங்கே அக்கா பிரசாந்தி வீட்டில் எல்லோரும் சுகம். மருமகள் உஷாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நேரில் கதைத்தால் நீ லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு “ஓம், ஓம்” என்பாய். அதுதான் கடிதம்.

வங்கிக்காரனிடம் ஏமாந்தது என் முட்டாள்தனம். அந்தப் பக்கத்தை நான் அப்படித் தெரியாமல் திறந்து போடவில்லை, மகன். போர் முடிந்த கிழமையில் காணாமல் போன உன் சித்தப்பா ரங்கநாதனைக் கடைசியாகக் கண்டவர்கள் எங்கே இருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? கனடாவோ, கிளிநொச்சியோ. அவர்களில் ஒருவர் என்னைத் தேடினால் எப்படிப் பிடிப்பார்? அதற்காகத்தான் நம்பரும் விலாசமும், நானும் தம்பியும் நிற்கிற படமும். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இந்தப் பதினாறு வருசத்தில் கேட்டு முடித்துவிட்டேன். இனித் தெரியாதவர்கள்தான் மிச்சம்.

மே மாதம் ஒருவர் எழுதினார். தம்பியின் காதுக்குப் பின்னால் தையல் தழும்பு இருந்தது என்றார். அது படத்தில் தெரியாது. போன் எடுத்துக் கதைக்கிறேன் என்றார். அவருடைய நம்பரை நான் கேட்டு வைக்கவில்லை. பக்கம் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய்.

போனைப் பிரசாந்தியின் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இனி அது எனக்கு எதற்கு?

அப்பா
இராசநாயகம்

மவுண்ட் ரோஸ்கில்
17.8.2025, ஞாயிறு

அப்பாவுக்கு,

அக்காவின் சமையலறையில் இருந்து எழுதுகிறேன். மூன்று தரம் தட்டினேன், நீங்கள் அறைக் கதவைத் திறக்கவில்லை. அக்காவிடம் உங்கள் போனை எடுத்துத் தரச் சொல்லி வாங்கினேன். உங்களிடம் கேட்கவில்லை. இதுவும் பிழை.

பக்கம் திரும்ப வராது. அழித்து முப்பது நாளுக்குள் என்றால் மீட்டு எடுத்திருக்கலாம். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்துவிட்டேன்.

அடிக்காமல் போன அழைப்புகளின் பட்டியல் போனில் இருந்தது. நாற்பத்தொரு நம்பர். ஒவ்வொன்றுக்கும் திருப்பி எடுத்துக் கதைத்தேன். பெரும்பாலும் கள்ளர்கள்தான், அதில் நான் சொன்னது சரி. ஒன்று இலங்கை நம்பர். மே இருபத்தெட்டாம் திகதியிலிருந்து ஒன்பது தடவை எடுத்திருக்கிறார்கள்.

கண்மணி என்று ஒரு அம்மா கதைத்தா. உங்களுக்கு எழுதியது அவவின் கணவர். ஜூன் மாதம் பாரிசவாதம் வந்து அவருக்கு இப்போது பேச்சில்லை. ஆனால் சித்தப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் முன்பே அவவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லுங்கோ என்று கேட்டேன்.

“நீர் ஆர்?”

மகன் என்றேன்.

“தமையன் எடுக்கட்டும், அவருக்குத்தான் சொல்லுவன். இந்த மனுசன் எத்தினை தரம் எடுத்தது. ஒருக்காக் கூட அவர் தூக்கேல்லையே.”

பூட்டியது நான், அப்பாவுக்குத் தெரியாது என்று சொன்னேன். பிறகு வைத்துவிட்டா.

நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது, பெரிதாக எழுதியிருக்கிறேன். போனில் இருந்த பூட்டெல்லாம் கழற்றிவிட்டேன். கதவுக்கு வெளியே வைக்கிறேன். இலங்கையில் இப்போது காலை பத்து மணி, அவ வீட்டில்தான் இருக்கிறா.

இந்தத் தாளைக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், என்னோடு கதைக்கவும் வேண்டாம். முதலில் அவவுக்கு எடுங்கள்.

கீதன்