செவலைக்குச் சொன்ன சொல்

மன்னவனூர்
14.6.1981

அன்னக்கொடிக்கு,

உருளைக்கிழங்கு லாரியில் நீ கொடுத்தனுப்பிய நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்புவதற்குள் லாரி போய்விட்டது. வந்த அன்றே பரீட்சைத் தாள்களின் மேல் மூத்திரம் பெய்தது. மறுநாள் என் செருப்பைக் கடித்துக் கிழித்தது. தலைமையாசிரியர் வந்தபோது அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கியது. அது ஒன்றை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஒரு குட்டியைக் கொடுத்து ஒன்பது வருஷத்தை அழித்துவிடலாம் என்று நினைத்தாயா? உன் மகள் காதுகுத்துக்கு நான் வருகிற வழியில் பாறை சரிந்து பஸ் நின்றது. மழையில் ஏழு மைல் நடந்து வந்தேன். வந்து பார்த்தால், தாய்மாமனான என் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைச் சித்தப்பா மகன் ராமர் மடியில் உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தீர்கள். அரை மணி நேரம் காத்திருக்க உங்களால் முடியவில்லை.

குட்டிக்கு ஒழுக்கம் கற்பிக்கப் போகிறேன். இந்தக் குடும்பத்தில் அதாவது கற்றுக்கொள்ளட்டும்.

சேனாதிபதி

பள்ளங்கி
25.6.1981

பாசமுள்ள அண்ணனுக்கு அன்னக்கொடி எழுதுவது.

பூண்டு எடுக்கிற சோலியில் பதில் தாமதம். ஒன்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திட்டுத்தான் என்றாலும் இரண்டு தடவை படித்தேன். குட்டி வந்த நேரம் நல்ல நேரம்தான்.

நல்ல நேரம் முடியப்போகுது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு. நீங்கள் திரும்பிப் போனபோது மழையில் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிட்டேன். நீங்கள் காதில் வாங்கவில்லை.

குட்டியை அடிக்காதீர்கள். உங்கள் மருமகள் அழகம்மாள் அதற்குச் செவலை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

தங்கை
அன்னக்கொடி

மன்னவனூர்
20.9.1981

அன்னக்கொடிக்கு,

அடித்துப் பார்த்தேன், பயன் இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பிறகு மதுரையிலிருந்து ஒரு நாய் வளர்ப்புப் புத்தகம் வரவழைத்தேன். இப்போது மூத்திரத்துக்கு வாசலில் போய் நின்று முனகுகிறது. ஆள் மேல் தாவுவதில்லை. சோற்றைத் தட்டில் வைத்தால், நான் சொல்கிற வரை உட்கார்ந்திருக்கிறது. சொன்னால்தான் தின்னும். இங்கே காட்டுப்பன்றிக்கு வைத்த விஷ உருண்டையைத் தின்று மூன்று நாய்கள் செத்தன. என்னுடையது அந்நியர் கொடுத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது.

எனக்குக் குடலிறக்கம். மதுரையில் ஆபரேஷன், பத்து நாளாகும். செவலையை வேறு யாரிடமும் விட மனசில்லை. அக்டோபர் நாலாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பள்ளங்கி நிறுத்தத்தில் வந்து வாங்கிக்கொள். நான் வீட்டுக்கு வர மாட்டேன்.

சேனாதிபதி

பள்ளங்கி
7.10.1981

அண்ணனுக்கு,

செவலை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. பால்சோறு, கறி, கருவாடு எல்லாம் வைத்தாயிற்று. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எச்சில் ஒழுக என் வாயையே பார்க்கிறது. தின்னு, சாப்பிடு, எடு என்று எல்லாம் சொல்லிப் பார்த்தோம். இன்றைக்கு எழுந்து நிற்கவே கால் நடுங்குகிறது. அழகம்மாள் தானும் சாப்பிட மாட்டேன் என்று கிடக்கிறாள்.

அடுத்தவர் கையால் வாங்கித் தின்னக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்ததையே அதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

என்ன சொன்னால் தின்னும்? தபாலை நம்பினால் குட்டி தாங்காது. மதுரைக்குப் பூண்டு லாரியில் ராமர்தான் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபம் என் மேல் இருக்கட்டும். பதிலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்னக்கொடி

மதுரை
8.10.1981

தங்கை அன்னக்கொடிக்கு,

ராமர் கடிதத்தை நீட்டிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றான். உட்காரச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. “நான் மாட்டேன்னுதான் சொன்னேன்ணே. அமுக்கி உக்கார வச்சிட்டாங்க. நீங்க வந்து நின்னப்ப எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு” என்றான். நர்ஸ் கொண்டுவந்த காப்பியில் பாதியை அவனுக்கு ஊற்றினேன்.

இனி செவலை. தட்டை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நில். “கை நனைச்சிட்டுப் போங்கண்ணே” என்று சொல். ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே சொல்ல வேண்டும்.

வெளியாள் யாரும் நாயிடம் சொல்லாத ஒரு சொல்லாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது புத்தகம். எனக்கு இதுதான் வாயில் வந்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் திரும்பிய என் பின்னாலேயே மழையில் நீ ஓடி வந்து சொன்னது. எனக்குக் கேட்டது. பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் இதைச் சொல்லாதது மறதியால் என்றால் பொய்.

சேனாதிபதி

பள்ளங்கி
10.10.1981

பாசமுள்ள அண்ணனுக்கு,

நேற்று ராமர் விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டினார். தட்டை வைத்து இரண்டு அடி நகர்ந்து நின்று, நீங்கள் எழுதியபடியே சொன்னேன். செவலை என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தின்றது. தட்டையே தின்றுவிடும் போலிருந்தது. நாயை அண்ணே என்கிறேன் என்று உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். தினம் இரண்டு வேளை சொல்கிறேன், அண்ணே. அது ஒரு வேளைகூட என் சொல்லைத் தட்டுவதில்லை.

அன்னக்கொடி

மதுரை
13.10.1981

அன்புத் தங்கை அன்னக்கொடிக்கு,

தையல் பிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். காரம் குறைத்துச் சமைக்கச் சொல்கிறார் டாக்டர். ராமரையும் சாப்பிட வரச் சொல்.

மலைப்பாதையில் மழை என்று பேப்பரில் பார்த்தேன். பஸ் எங்காவது நின்றாலும் நிற்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

அண்ணன்
சேனாதிபதி