கார் மறந்த சாவி

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரிக்குக் கிளம்பிக் கீழே இறங்கினால் கார் இல்லை. பிரவீன்ராஜின் செய்தி மட்டும் இருந்தது: "கார் வேணும்னா புத்தூருக்கு வா. பேசலாம்." அவனைப் பிரிந்து ஸ்ரீரங்கம் வந்தபின் இது இரண்டாவது முறை. கார் என் பெயரில்; இன்னொரு சாவி அவனிடம்.

போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார். அவன் பேசினான், கேட்டுக்கொண்டிருந்தேன். சாவியைக் கேட்டால், "அது தொலைஞ்சு போச்சு" என்கிறான். பிறகு எதை வைத்துடா ஓட்டிக்கொண்டு போனாய்? காரோடு வீட்டுக்கு வந்து கண்ணாடியிடம் கேட்டேன்.

ஜூன் 5

அவன் சாவி வேலை செய்யாமல் பண்ண முடியுமா என்று கேட்க சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "இன்னொரு சாவி என்னாச்சு மேடம்?" வைத்துவிட்டேன்.

மதியம் சபீனாவிடம் சொன்னேன். என் கல்லூரியிலேயே கணினித் துறையில் பாடம் நடத்துபவள்; தன் பழைய காரைத் தானே நோண்டுபவள். இத்தனை மாதத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் உச்சுக் கொட்டவில்லை. அதற்கே நன்றி.

"கம்பெனிக்காரன் வச்சிருக்கிற சாஃப்ட்வேர் எங்கிட்ட இருக்கு. உன் வண்டி பழசுதானே, வீட்டுலயே பண்ணிரலாம். அவன் சாவி கதவத் திறக்கும், இன்ஜின் எடுக்காது. வண்டி அந்தச் சாவிய மறந்துரும்."

"மறக்குமா?"

"உன்ன மாதிரி இல்ல. மறந்துரும்."

ஜூன் 8, ஞாயிறு

சபீனா லேப்டாப்போடு வந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகினாள். வண்டிக்குத் தெரிந்த சாவிகள்: இரண்டு. அவற்றை அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் திரும்பக் காட்ட வேண்டும். குறைந்தது இரண்டு சாவி காட்டினால்தான் வண்டி ஏற்குமாம்; அதனால் சிப் வைத்த புதுச் சாவி ஒன்றை நேற்றே வெட்டி வாங்கியிருந்தேன்.

அழித்தாயிற்று. என் சாவியைப் போட்டால் ஏற்கவில்லை. மறுபடியும் இல்லை. சாவிக்கொத்தை உருவினேன். "போச்சு சபீனா. இதுவும் போச்சு. நாளைக்கு அவன் வாசல்லதான் போய் நிக்கணும்."

அவள் என் கையைப் பார்த்தாள். "ரெண்டையும் ஒரே வளையத்துல கோத்து ஆட்டுனா, எது எதுன்னு வண்டிக்கு எப்படிடி தெரியும்? கழட்டு."

தனித்தனியாகக் காட்டினோம். இன்ஜின் பிடித்தது. திரையில் மறுபடியும் இரண்டு. ஆனால் இரண்டும் என் கையில்.

புதியதை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குடி?"

"ஒருத்தர்கிட்ட இருக்கணும்ல."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொரு சாவியை யாரிடம் கொடுப்பது என்று நானே முடிவு செய்வது எவ்வளவு நல்லாயிருக்கிறது.

ஜூன் 12

ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுந்ததும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். நிற்கிறது.

சாவியை மறக்கவைக்கும் இந்தச் செய்முறையை முகம் தெரியாத யாரோ இணையத்தில் எழுதிவைத்திருந்தாராம். அவர் நன்றாயிருக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

கார் நிறுத்திய இடத்தில்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன், கால் பிரேக்கை எட்டவில்லை. இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. சபீனா என்னைவிடக் குள்ளம். அவன்தான் நெடுநெடுவென்று இருப்பான்.

வந்திருக்கிறான். அவன் சாவி கதவைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். போனில் செய்தி எதுவும் இல்லை.

இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் நெரிசல் இல்லை. முதல் வகுப்புக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன்.