மூன்றாம் புள்ளியின் சேறு

நானா,

இன்று காலை அலுவலக அலுமாரியைத் திறந்ததும் போர்மலின் நெடி முகத்தில் அடித்தது. மூடி கசிந்த ஒரு போத்தல். ‘மூன்றாம் புள்ளி’ என்று நீங்கள் கைப்பட எழுதி ஒட்டியது. உள்ளே நாம் முதல் வருடம் எடுத்தவை: மட்டிக் குஞ்சுகள், ஒரு சிறு நண்டு, கால் ஒடிந்த நட்சத்திர மீன், இரண்டு மூன்று விதப் புழுக்கள். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எட்டு மாதம். அவை அப்படியே இருக்கின்றன.

நீங்கள் கிண்ணியாத் தோணிக்காரர்; நான் கடலடி உயிர்களை எண்ணச் சம்பளம் வாங்குபவன். கொட்டியார்க்குடாவில் எங்கள் ஆறான கங்கை வந்து விழும் இடத்தில், வரைபடத்தில் மூன்றாம் புள்ளி என்று குறித்த இடத்தில், நீங்கள் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கிச் சேற்றைத் தூக்குவீர்கள். நான் அரிதட்டில் கழுவி மிஞ்சியதை எண்ணுவேன்.

ஆற்றில் மேலே மணல் தோண்டத் தொடங்கிய பிறகு வந்த மாரியில், கயிற்றின் பாரம் மாறிவிட்டது என்றீர்கள். மாவைப்போல மெல்லிய களி அடியில் படிந்து மட்டிகளை மூச்சடைக்க மூடியிருந்தது. நண்டும் இல்லை. நூல்போன்ற சிவப்புப் புழு மட்டும் அரிதட்டு நிறைய நெளிந்தது.

அவற்றை ஒழுங்காக எண்ணினேன். முந்திய வருடத்தைவிட மிக அதிகம். ‘கடலடி உயிர்களின் எண்ணிக்கை பெருகியுள்ளது’ என்று எழுதினேன். ஒரு பொய்யும் இல்லாத வசனம். மேலதிகாரிகள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மணல் அனுமதி நீண்டது. நமக்குத் தேநீரும் றோல்ஸும் கிடைத்தன.

நீங்கள் றோல்ஸைத் தொடவில்லை. உங்கள் மருமகன் கட்டைபறிச்சான் பக்கம் மட்டி அள்ளிப் பிழைத்தவர். அவருடைய சாக்கு அந்த வருடமே பாதியாகிவிட்டது. தோணியை அவிழ்த்தபடி கேட்டீர்கள்:

“சேர், வீட்டில ஆக்கள் எல்லாரும் போய்க் கறையான் மட்டும் இருந்தா, குடும்பம் பெருகிட்டு எண்டோ எழுதுவீங்க?”

எத்தனை வகை என்றுதான் எண்ணியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். அடுத்த அறிக்கையில் திருத்தலாம் என்றேன்.

“ஓம் சேர். கங்கையையும் அதுவரைக்கும் நிக்கச் சொல்லுங்க.”

அடுத்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். அனுமதி இந்த மாதம் முடிகிறது. பழைய வசனம் வடிவாக இருந்தது, அதையே போடச் சொல்லி மேலதிகாரி அன்பாகக் கதைத்தார். நேற்று உங்கள் மருமகனுடன் உங்கள் தோணியிலேயே மூன்றாம் புள்ளிக்குப் போனேன். அவர் இப்போது மேசனுக்குக் கையாள். அதே கங்கை மணலைத்தான் சீமெந்துடன் குழைக்கிறார். சேறு கறுப்பாக வந்தது, கூழ்முட்டை நாற்றத்துடன். மூன்று முறை அரித்தேன். எதுவும் நெளியவில்லை.

கறையானும் போய்விட்டது, நானா.

அந்தச் சேற்றைப் போத்தலில் அடைத்து உங்கள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே புள்ளியின் பெயர். நாளைய கூட்டத்துக்கு இரண்டையும் என் பையில் கொண்டுபோகிறேன். அறிக்கையின் முதல் வரி, நான் முன்பு எழுதியது பிழை என்பது. இரண்டாம் வரி உங்கள் கேள்வி. அதை அடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியே மாரியின் முதல் மழை பிடித்துவிட்டது. கங்கை இன்னும் நிற்கவில்லை.