நான்காம் தொட்டியின் கடைசித் தகடு

வீடு,
3-ஆம் தேதி, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் மூவரும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து பத்து நாளாகிறது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுகிறேன். கண்ணை வருத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் எனக்குத் தெரியாமல் தொலைக்காட்சி பார்க்கிறாள். கேட்டால், காதால்தான் பார்த்தேன் என்கிறாள்.

மின்னஞ்சலில் எழுதினால் 'சரி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

வேலை விஷயம்தான். நான்காம் தொட்டியின் இன்சுலேஷனை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடப் போகிறோம். எண்பத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய், நீராவிக் குழாயை எவ்வளவு திறந்தாலும் எழுபதைத் தாண்டுவதில்லை. தகட்டுக்கு அடியில் சூடு காக்கும் பஞ்சு நனைந்திருக்கிறது. தட்டினால் தகடு ஈரத்துணி மாதிரி சத்தம் கொடுக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நீ போர்த்திய தொட்டி அது. அடுத்த ஆண்டே தகட்டு இணைப்புகளின் கீழே துருக்கறை இறங்கியதும், இணைப்பு சரியில்லாததால்தான் மழைநீர் உள்ளே போகிறது என்று நான் சோதனை அறிக்கையில் எழுதிக் கொடுத்ததும், உன்னை இங்கே வேலைக்குக் கூப்பிடும் பட்டியலிலிருந்து எடுத்ததும் உனக்குத் தெரிந்தவைதான். அதை மறுபடி பேச இந்தக் கடிதம் இல்லை. அன்று பார்த்ததை எழுதினேன். இன்றும் அதையே எழுதுவேன்.

இப்போது எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. மேலாளர் பழையபடி ராக் வூல் பஞ்சே போதும் என்கிறார். ஒரு விற்பனையாளர் நுரைத்த கண்ணாடிக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, "பாருங்க மேடம், ஒரு சொட்டு குடிக்கலை" என்று மேசையில் வைத்தார். ஒரு சொட்டும் குடிக்காத கட்டி என் கோப்புகளை எல்லாம் நனைத்தது. அது தண்ணீரைக் குடிக்காது என்பதை நம்புகிறேன். ஆனால் இரண்டு கட்டிகள் சேரும் இடத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இன்னொருவர் பீய்ச்சி அடிக்கும் நுரை என்கிறார். பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும் இடத்தில் எரியக்கூடிய நுரையை அடிக்க எனக்கு மனமில்லை.

இந்த மூன்று பேரையும்விட உனக்கு இது தெரியும். தொட்டியின் சுற்றளவு, உயரம், எண்ணெயின் சூடு எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முடிந்தால் பதில் எழுது. நேரமில்லை என்றாலும் பரவாயில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

உன் அக்கா.


வீடு,
29-ஆம் தேதி, வெள்ளி.

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. அம்மாவின் கண்ணைப் பற்றி இரண்டு வரி, மீதி ஒன்றரைப் பக்கமும் தொட்டி. நம் குடும்பத்தில் யாரும் இதற்கு மேல் எழுதியதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த இரண்டு வரியை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

நீ சொன்னபடியே செய்கிறோம். முதலில் துருவை உதிர்த்து, சூடு தாங்கும் வண்ணத்தை இரண்டு தடவை அடித்தாயிற்று. அடியில் ஒரு மீட்டர் உயரம் வரை கண்ணாடிக் கட்டி, அதற்கு மேல் தண்ணீர் ஒட்டாத ராக் வூல். தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டே இன்சுலேஷன் தொடங்குகிறது, கீழே தேங்கும் தண்ணீரை அது உறிஞ்சாதபடி. அடித்தகட்டில் தண்ணீர் வடியச் சிறு துளைகள். வடிகிற துளை எதற்கு, தண்ணீரே போகாமல் செய்தால் போதாதா என்று மேலாளர் கேட்டார். தண்ணீர் போகாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், போனால் எப்படி வெளியே வரும் என்று கேளுங்கள் என்ற உன் வரியை அப்படியே படித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி உனக்கு எழுத வேண்டியது.

இந்த மாதம் பதினோராம் தேதி பழைய தகடுகளைக் கழற்றினார்கள். உன்னிடம் வேலை பார்த்தாரே, எல்லோரும் கத்திரி என்று கூப்பிடுபவர், அவர்தான் இப்போது புது ஒப்பந்தக்காரரிடம் தலைமைத் தொழிலாளி. இன்னமும் தகட்டைக் கையாலேயே வெட்டுகிறார், மின்கத்திரியை நம்புவதில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு தகட்டையும் கழற்றும் முன் அதன் விளிம்பைப் பார்த்தேன். எல்லாமே மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஏறி, மழை நுழைய முடியாதபடி வாய் கீழே பார்த்துத்தான் இருந்தன. ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. வடக்குப் பக்கத்தில் பஞ்சு காய்ந்து, நீ கட்டிய கம்பி பளபளவென்று இருந்தது.

தெற்குப் பக்கத்தில் மட்டும் பஞ்சு கூழாகிக் கிடந்தது. ஈரம் தொடங்கிய இடத்தைத் தேடி மேலே போனோம். அது என் சோதனை ஓட்டையில் போய் நின்றது.

உனக்கு நினைவிருக்கும். நீ வேலை முடித்த மறுநாள், எழுபத்தைந்து மில்லிமீட்டர் பஞ்சு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க, தெற்குப் பக்கத் தகட்டில் ஒரு சாண் சதுரம் வெட்டச் சொன்னேன். வேறு ஒப்பந்தக்காரராக இருந்தால் விளிம்பில் ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக வெட்டினேன். பஞ்சு சரியாக எழுபத்தைந்து இருந்தது. எங்கள் பணிமனை ஆள் அந்தச் சதுரத்தின்மேல் ஒரு தகட்டைத் தட்டையாக ஒட்டி, சுற்றிலும் சீலன்ட் பசை பூசிவிட்டுப் போனார். அதன் மேல்விளிம்பை எதற்கு அடியிலும் செருகவில்லை. வெயிலில் சீலன்ட் வெடித்து, மேலே ஒரு விரல் நுழையும் வாய் திறந்திருக்கிறது. அங்கே போன தண்ணீர்தான் உன் இணைப்புகளின் வழியே வடிந்து கறையாகத் தெரிந்தது. வெளியே வந்த இடத்தைப் பார்த்து, உள்ளே போன இடம் என்று எழுதிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. கறை தெரிந்ததும் எல்லா இணைப்புகளையும் சீலன்ட் பூசி அடைக்கச் சொன்னதும் நான்தான். போன தண்ணீர் வெளியே வர இருந்த வழியும் அன்றோடு போயிற்று. மூன்று மழைக்காலம் இரும்பு ஈரப்பஞ்சுக்குள் வெந்திருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் தொட்டிச் சுவர் ஓரிடத்தில் நான்கரைக்கு வந்துவிட்டது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் சூடான எண்ணெய் கீழே நிற்கும் ஆட்கள்மேல் கொட்டியிருக்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று.

கத்திரியிடம் அந்த ஓட்டையைக் காட்டி, இது உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பேசினார்.

"தம்பி அன்னைக்கே பாத்துட்டாரும்மா. கறை வந்ததும் ஏணி போட்டு ஏறிப் பாத்தாரு. இதை எழுதிக் குடுத்திருங்கன்னு நான்தான் சொன்னேன். அக்கா கையெழுத்துப் போட்டு வெட்டினது, அதை நான் எப்படிய்யா எழுதறதுன்னுட்டு இறங்கிட்டாரு."

மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

நீ ஒவ்வொரு தொட்டியிலும் கடைசித் தகட்டை வேறு யாரையும் பொருத்த விடமாட்டாய் என்றும், அதன் உள்பக்கத்தில் ஏதோ எழுதுவாய் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. ஓட்டை போட்ட தகடுதான் அந்தக் கடைசித் தகடு; அதைத் திருப்பியபோது உன் எழுத்து இருந்தது. தேதி, பஞ்சின் தடிமன், 'காய்ந்த நிலையில் மூடினேன்' என்று ஒரு வரி. நான் வெட்டச் சொன்ன சதுரம் அந்த வரியின் நடுவே போயிருந்தது.

நம் மொட்டைமாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதே, மிச்சப் பஞ்சை வைத்து நீ சுற்றிக் கொடுத்தது. பத்தாண்டாக மழையில் நிற்கிறது. அன்று மாலை ஏறிப் பார்த்தேன், ஒரு புள்ளி துரு இல்லை. நான்காம் தொட்டியைப் பற்றி எழுதிய அன்றும் அந்தத் தண்ணீரில்தான் குளித்துவிட்டுப் போனேன்.

சென்ற திங்களன்று அறிக்கை கொடுத்துவிட்டேன். பழைய கதையை எதற்கு மேடம் கிளறுகிறீர்கள், சீலன்ட் காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி போட்டால் போதாதா என்றார் மேலாளர். சீலன்ட் தானாக ஓட்டை போட்டுக்கொண்டு அதில் போய் உட்காரவில்லை என்றேன். ஓட்டை என் உத்தரவு, மூடியதைச் சரிபார்க்காதது என் தவறு, முந்தைய அறிக்கையின் முடிவு பிழை, ஒப்பந்தக்காரரின் வேலையில் குறையில்லை என்று நான்கு வரியாக எழுதி, என் பெயரோடு கொடுத்தேன். விசாரணை முடியும்வரை சோதனைக் கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னிடம் இல்லை. அது நியாயம்தான். உன் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். அறிக்கையின் நகலும் அந்தப் பட்டியலும் இதனுடன் இருக்கின்றன. படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே. வேறு இடத்தில் வேலை கேட்கும்போது காட்டு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்சுலேஷன் பற்றி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப அவன் வருவானா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்றாள்.

தொட்டி வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. தெற்குப் பக்கத்தில் ஒரே ஒரு தகடு பாக்கி. வெட்டி, வளைத்து, விளிம்பு மடித்துத் தயாராகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பொருத்த வேண்டாம் என்று கத்திரியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தினமும் மாலையில் அந்த இடத்தைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்துப் பஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார். நானும் தொட்டுப் பார்க்கிறேன். இன்றுவரை காய்ந்திருக்கிறது.

அடுத்த மாதம் இருபதுக்குமேல் மழை தொடங்கிவிடும். தார்ப்பாய் அதைத் தாங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா.