அண்ணைக்குக் கிடைக்காத அனுமதி

என்னை ஒருநாளும் கை நீட்டி அடிக்காத என் அம்மாவுக்கு,

உங்கள் அந்தியேட்டிக்கு நினைவுமலர் போடுகிறோம். ஊரில் என்றால் ஒரு புலவரைப் பிடித்து, நீங்கள் பிறந்த குடியையும் வாழ்ந்த சீரையும் வெண்பாவில் பாடச் சொல்லியிருப்போம். மெல்பேர்னில் அதற்கு ஆளும் இல்லை, தமிழ் அச்சகமும் இல்லை. உங்கள் மருமகள் பவானிதான் ஸ்ரென்சில் தாளில் கையால் எழுதி றோணியோ மெசினில் பிரதி எடுக்கப் போகிறாள். "பாட்டு வேண்டாமப்பா, நீங்களே மாமிக்கு ஒரு கடிதமா எழுதுங்கோ" என்றாள்.

எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்து, ஒரு கையில் வடையோடு இதை வாசிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வடை தொண்டைக்குள் இறங்காமல் போனால் என்னை மன்னிக்க வேண்டும்.

உங்களுக்குக் கொள்ளி வைத்தது நான். இங்கே கொள்ளி என்று ஒன்றுமில்லை, சுவரில் ஒரு பொத்தான். அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். வெளியே வந்ததும் ஒரு அங்கிள் என் தோளைத் தட்டி, "தாய்க்கு இளையவன்தானே வைக்கிறது. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு, ஒரு குறையுமில்லை" என்றார். குறை இல்லையாம்! மூத்த மகன் யாழ்ப்பாணத்தில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், இங்கே ஒரு குறையும் இல்லையாம். அந்த மனுசனைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது. நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன்.

அண்ணை ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். "கடதாசி அலுவல் சுணங்குது" என்று சொல்லியே பத்து மாதத்தை ஓட்டிவிட்டேன். இனிச் சொன்னால் என்ன? அண்ணை மறியலில், ஜெயிலில் இருந்தவர். மறியலில் இருந்தவர் இந்த நாட்டுக்குள் ஒரு கிழமைக்கு வருவதென்றாலும் சும்மா விசா போதாது. பழைய குற்றத்தைப் பாராமல் உள்ளே விடலாம் என்று தனியாக ஒரு அனுமதி வேண்டும். அதைத் தலைநகர் கன்பராவில் முகம் தெரியாத யாரோ ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன கிழமையே விண்ணப்பம் போட்டோம். அதன் பிறகு இரண்டு வெள்ளிக்கு ஒருமுறை அரைநாள் லீவு எடுத்து, ட்ராம் பிடித்து, குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு வெள்ளைக்கார மனுசி. நல்லவள், திட்டக்கூட மனம் வராது. என்னைக் கண்டதுமே உதட்டைப் பிதுக்குவாள்.

"இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்ல முடியாது. சிலருக்கு மூன்று மாதம். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலே."

"என்னுடைய அம்மாவிடம் ஒரு வருடம் இல்லை."

அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளும் கன்பராவுக்குப் போய், அண்ணையின் பைலுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் கட்டிலில் இருந்தபடியே கேட்பீர்கள். "என்னவாம் ராசன்?" "வருமாம் அம்மா." "எப்பவாம்?" "கெதியிலயாம்." நான் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொள்வேன். நீங்கள் மேலே ஒன்றும் கேட்க மாட்டீர்கள். பிறகு பிறகு அந்த ஒரு கேள்வியையும் விட்டுவிட்டீர்கள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இதை வாசிக்கிறவர்களுக்கு அண்ணை செய்த குற்றம் என்னவென்று தெரிய வேண்டாமா? சொல்கிறேன்.

அப்பா தவறி இரண்டு வருசம். வேலி அடைக்கிற காலம். பக்கத்து வளவுக்காரர் எல்லைக் கதியால் தடிகளை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார். ஒரு சாண்! அதில் ஒரு கத்தரிக்கன்றுகூட ஒழுங்காக நிற்காது. வாய்ச்சண்டை கைச்சண்டையானது. அண்ணை எங்களைப் பிரித்துவிடத்தான் ஓடிவந்தார். குழி கிண்டின இரும்பு அலவாங்கு என் கையில் இருந்தது. அந்த மனுசனுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தது நான். தோள் எலும்பு முறிந்துபோயிற்று. அடித்தது எங்களில் யார் என்று அவருக்கே தெரியவில்லை. பொலிசில் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்தார்.

அன்று மாலை குசினியில், அடுப்பைப் பார்த்தபடி நீங்கள் சொன்னீர்கள்: "சின்னவனுக்கு வாற மாசம் சோதினை. கேஸ் எண்டு பேர் விழுந்தால் கம்பசும் இல்லை, ஒண்டும் இல்லை. பெரியவன், நீ பொறுப்பெடு மோனை."

அண்ணைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை நிரந்தரமாகி ஆறு மாதம். அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தினை மாசம் போடுவினம்?"

நான் கதவோரம் நின்றேன். "இல்லை அம்மா, நான் போறன்" என்று சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் நீளுகிற வாய்தானே இது. சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! படிக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் படிக்காத பிள்ளையைக் கொடுத்துவிடுவோம். அதற்குக் குடும்ப நன்மை என்று பெயரும் வைத்துக்கொள்வோம்.

ஒன்பது மாதம் போட்டார்கள். சங்கக்கடை வேலை போயிற்று. பேசி வைத்திருந்த கலியாணமும் போயிற்று. அண்ணை சந்தியில் சைக்கிள் கடை போட்டார். நான் எஞ்சினியராகி, இந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். பொய்யில்லையே. பேனாகூட நடுங்கவில்லை. அந்த வேலிச் சண்டை நடந்து பதினாறு வருசத்துக்குப் பிறகு அதே கேள்விக்கு அண்ணை ஓம் என்று எழுதினார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நடுவில் கன்பராவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செய்த குற்றத்துக்காக மனம் வருந்துகிறாரா என்று அண்ணையே தன் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். அண்ணைக்கு அறிவித்தேன். ஏரோகிராமில் பதில் போட்டார்.

"தம்பி, என்னத்துக்கு வருந்திறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நீயே எழுதி அனுப்பு, பார்த்தெழுதி ஒப்பம் வைக்கிறன். உனக்கு அது வடிவா வரும்."

குத்திக் காட்டினாரா, இல்லை வழக்கம்போல என் இங்கிலிஷைத்தான் மெச்சினாரா? எத்தனை தரம் வாசித்தாலும் பிடிபடவில்லை. ஒரே இருப்பில் இரண்டு பக்கம் எழுதினேன், அம்மா. அழுதழுது எழுதினேன். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. அடியில் இருந்த பெயரைத் தவிர அதில் எல்லாமே உண்மை.

அப்போதே என் பெயரைப் போட்டிருக்கலாம். பயம். இன்னும் இந்த நாட்டுக் குடியுரிமை கையில் வரவில்லை. பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, பவானியும் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்று பயம். நீங்களும் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பழசைக் கிளறாதை. ரெண்டு பேரையும் இழக்க என்னால ஏலாது" என்றீர்கள். தாய்ச்சொல் என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான தாய்ச்சொல்!

நீங்கள் போய் ஐந்தாம் நாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டர் மனுசி எழுந்து நின்று கவலை தெரிவித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சுகமில்லாத தாயைப் பார்ப்பதற்கென்றுதான் விண்ணப்பம். இனி அந்தக் காரணம் இல்லை. பைலை மூடிவிடுவார்கள்."

"அந்தக் குற்றத்தைச் செய்தது அவர் இல்லை. நான்" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இதை நான் எழுதிக்கொள்ளட்டுமா? எழுதினால் பிறகு எடுக்க முடியாது. யோசித்துச் சொல்லுங்கள்."

யோசித்தேன். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ட்ராம் வந்தது, ஏறினேன், இடம் கிடைத்தது, இருந்தேன். சீ, என்ன பிறவி நான்!

போன கிழமை அண்ணையின் கடிதம் வந்தது. ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. செலவுக்கு ஏதும் அனுப்பட்டுமா என்று என்னைக் கேட்கிறார்! கடைசி வரியில், "அம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டிருந்தார். இன்னும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

கடைசி இரண்டு நாளும் மருந்து மயக்கத்தில் நீங்கள் எங்கேயோ இருந்தீர்கள். என்னைக் கோர்ட்டு ஆள் என்று நினைத்துவிட்டீர்கள். கைகூப்பிக் கேட்டீர்கள்: "ஐயா, என்ரை பெரியவனை எப்ப விடுவியள்? அவன் செய்யேல்லை ஐயா."

"அப்ப ஆர் செய்தது?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல மாட்டன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பிறகு நீங்கள் பேசவேயில்லை.

இதைத்தான் அண்ணைக்கு எழுதப் போகிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். நினைவுமலரை நாளைக்குப் பவானி றோணியோவில் போடுகிறாள். இவ்வளவையும் வாசித்துவிட்டு ஸ்ரென்சில் தாளை எடுத்து வைத்தாள். பிறகு, "எழுதினதை எழுதினபடியே விடுங்கோ" என்றாள். திங்கட்கிழமை கவுண்டர் திறக்கிற நேரத்துக்கு அங்கே நிற்பேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த மனுசியிடம் சொல்வேன். புதுப் பைல் திறந்து, மறுபடி முதலிலிருந்து காத்திருக்கச் சொல்வார்கள். என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள். அண்ணை வந்தாலும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. எதுவும் சரிவராது என்று தெரிந்துகொண்டுதான் போகிறேன். ஆனால் போவேன், அம்மா. இது சத்தியம். நீங்கள் கடைசிவரை சொல்லாமல் காத்த பெயரை நானே என் வாயால் சொல்வேன்.

உங்கள் இளைய மகன்,
அதைச் செய்தவன்,
ராசன்